நோட்டில் எழுதிய அம்மை

மாரிக்கனிக்குத் துணியைத் தொட்டாலே போதும், அங்குலத்துக்கு எத்தனை இழை என்று சொல்லிவிடுவாள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில், காயத்துக்குக் கட்டும் காஸ் துணி நெய்கிற கூடம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் நின்று வேலை பார்த்தவள். நான் முதல் நாள் அவள் முதுகைச் சுத்தம் செய்யக் காஸ் பொட்டலத்தைப் பிரித்தபோது, குப்புறப் படுத்திருந்தவள் கையை மட்டும் நீட்டி ஒரு துண்டை வாங்கினாள். விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது எங்க வாங்குனதுக்கா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல. மெடிக்கல் கடையில."

"இழை கம்மி. பத்தொம்பது இருக்கணும். இது பதினஞ்சு கூடத் தேறாது. நல்லா ஏமாத்திருக்கான்."

அப்போது அவள் முதுகில் நாலு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிடையாது. அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பெயர் நாராயணி, வயது அறுபத்தேழு. இருபது வயதில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்க இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து, முப்பத்தாறு வருஷம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போதும் கூப்பிட்ட வீடுகளுக்குப் போகிறேன். புண்ணைச் சுத்தம் செய்வது, ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பது, மாத்திரை தப்பாமல் கொடுப்பது, பார்த்ததை நோட்டில் எழுதி வைப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேலை. மாரிக்கனியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் விஷயத்தில் ஒரு வார்த்தையை எழுதியவள் நான். அந்த வார்த்தை என்ன செய்தது என்பதையும் நானே எழுதிவிடுவதுதான் முறை.

அவள் பிறந்தது கூமாப்பட்டியில். முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காததால், அவள் அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. அதனால்தான் அந்தப் பெயர். ஏழு வயதில் அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. அந்தத் தழும்பைப் பற்றிப் பின்னால் பேச்சு வரும், அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

இருபது வயதில் மம்சாபுரத்து வேல்பாண்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கொஞ்சம் நெல், கொஞ்சம் வாழை. ஐந்தாவது வருஷமும் ஆறாவது வருஷமும் மழை பொய்த்தது. மாரிக்கனி வேலைக்குப் போகிறேன் என்றாள். மாமியார் கருத்தம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நிலபுலம் உள்ள வீட்டுப் பெண் தறிக்குப் போவதா என்று கேட்டாள்.

"தறிக்கு இல்லத்தே. மடிக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனவள், இருபத்தாறு வருஷம் போனாள்.

கடைசிப் பன்னிரண்டு வருஷம் அவள் அங்கே செக்கர். மேசைக்கு வருகிற துணியில் இழை அறுந்தது, எண்ணெய்க் கறை பட்டது எல்லாவற்றையும் கண்ணால் பிடித்து ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதற்கு டேமேஜ் என்று பெயர். நல்ல துணியைத் தவறிப்போய் டேமேஜில் போட்டாலும் திட்டு விழும். அப்படி ஒரு நாளும் தான் திட்டு வாங்கியதில்லை என்று என்னிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஐம்பத்தொன்றாவது வயதில் வாயில் புண் வந்தது. சூடு என்று நினைத்து மூன்று மாதம் மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டாள். ராஜபாளையத்தில் ஒரு பல் டாக்டர் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். பிறகு முதுகிலும் கையிலும் தளதளவென்று நீர்க்கொப்புளங்கள். ஒரு நாள் மேசையில் முன்கையோடு ஒட்டிக்கொண்ட துணியை இழுத்தாள். தோலும் கூட வந்தது. அந்தத் துணியைத் தானே டேமேஜில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அப்புறம் போகவில்லை.

கருத்தம்மா பார்த்தவுடன் வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றினால் அம்மை இறங்கிவிடும். ஊற்றினார்கள். இறங்கவில்லை. இருபத்தோரு நாள் கழித்து வேல்பாண்டி, அம்மா சொல்வதைக் கேட்காமல், மனைவியை மதுரைக்குக் கூட்டிப்போனார். பெரிய ஆஸ்பத்திரியில் தோலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்து, இது பெம்பிகஸ் என்றார்கள். தொற்று இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய காவல் செல்களே, தோலைத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும் பசையைப் பகையென்று நினைத்துத் தின்கின்றன. ஒரு மாதம் வார்டில் வைத்திருந்து, அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டாளத்தில் இருக்கிற அவர்கள் மகன் பாண்டிச்செல்வம் ஜம்முவிலிருந்து போன் போட்டு விசாரித்து என்னைப் பிடித்தான். காலையும் மாலையும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மினி பஸ்ஸில் போய்வந்தேன்.

துணி எதுவானாலும் அந்தப் புண்ணில் ஒட்டும். அதனால் வாழை இலையில் படுக்க வைக்கச் சொல்லியிருந்தார் மதுரை டாக்டர். அவர்கள் வாழையிலேயே அறுத்து, வெந்நீரில் முக்கி எடுத்து, ஆறவைத்து, லேசாகத் தேங்காயெண்ணெய் தடவி விரிப்பேன். வாழ்நாளெல்லாம் கட்டுத்துணி மடித்தவளுக்குக் கட்டுத்துணி ஆகவில்லை.

இலையைப் பார்த்துக் கருத்தம்மாவுக்குச் சந்தோஷம். "பாத்தியா நாராயணி, டாக்டரே இலையில போடச் சொல்லிட்டாரு. அம்மைக்குத்தான இலை. வாயால சொல்ல அவருக்குக் கூச்சம்."

நான் வாதாடவில்லை. எழுபத்தாறு வயதில் ஒருத்தி நம்புவதை மாற்றுவது என் வேலையில் சேராது.

ஆனால் இரண்டாவது வாரம் ஒரு நாள் காலையில் போனால் மாத்திரை டப்பாவைக் காணவில்லை. என் நோட்டு கட்டில் ஓரத்தில் திறந்து கிடக்கிறது. கருத்தம்மா அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

"ஏம்மா, வீடு தேடி வந்தவள கொப்புளம், கொப்புளம்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதி வச்சிருக்கியே. அவ எப்படி இறங்குவா? அதான் இந்தப் பாடு படுத்துதா."

"மாத்திரை எங்க?"

"அம்மா இருக்கிற வீட்டுல மாத்திரை கெடையாது."

அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆள் நாலைந்து நாளில் மயங்கிப் போய்ச் சேரும். விளக்கிச் சொன்னேன். கருத்தம்மா முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வேல்பாண்டி வயலில் இருந்தார். கட்டிலிலிருந்து மாரிக்கனி மெதுவாக, "அரிசிப் பானையில பாருங்கக்கா" என்றாள்.

"ஏட்டி, நீ சும்மா கெட!" என்றாள் கருத்தம்மா.

எடுத்துவிடலாம், ஆனால் நான் பஸ் ஏறியதும் மறுபடி ஒளியும். ஒவ்வொரு நாளும் பானையில் கைவிட்டுத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நான் ஒரு பேரம் பேசினேன்.

"நீங்க சொல்றபடி நோட்டுல எழுதுறேன். நான் சொல்றபடி மாத்திரையை உங்க கையாலயே கொடுங்க. சரியா?"

"அம்மைன்னு எழுதுவியா?"

"இப்பவே எழுதுறேன்."

அவள் முன்னாலேயே எழுதினேன். அம்மை, முதுகு இடப்புறம் ஏழு, வலப்புறம் நாலு. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பானையிலிருந்து டப்பாவை எடுத்து வந்தாள். அதன்பிறகு ஒரு வேளை தப்பவில்லை. காலையும் ராத்திரியும் மணி எட்டானால் கருத்தம்மாவே தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நிற்பாள். வார்டில் கூட அப்படி யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. நாலு மாதத்தில் முதுகு பாதி ஆறியது. நல்ல பேரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மதுரை டாக்டர் புது மருந்தைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது, நானோ மருந்து, பெம்பிகஸ்காரர்களில் பன்னிரண்டு பேரை மட்டும் எடுக்கிறார்கள். விவரம் சொல்ல ஆராய்ச்சி நர்ஸ் ஜாஸ்மின் மம்சாபுரத்துக்கே வந்தாள். முப்பது வயது இருக்கும். படபடவென்று பேசுகிற, வேலை தெரிந்த பெண்.

"நானோவா?" என்றார் வேல்பாண்டி. "யூரியா பாட்டில்ல வருதே, அந்த நானோவா?"

"அதே மாதிரி ரொம்பச் சின்ன அளவுதான் அங்கிள். ஆனா இது வேற."

"அத இலையிலல்லா அடிக்கச் சொல்லுதாக. இவளுக்கு எதுல அடிப்பீக?"

"நானும் இலையிலதான கெடக்கேன்" என்றாள் மாரிக்கனி. "சேத்து அடிச்சிர வேண்டியதுதான்."

ஜாஸ்மின் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். தோலின் பசையில் இருக்கிற புரதத்தில் ஒரு சிறு துண்டை எடுத்து, மிக நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் வைத்து, நரம்பு வழியாக ஏற்றுவார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே அந்த உருண்டைகளை எண்ணூறு வரை அடுக்கலாம். அவை ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய், காவல் செல்களுக்கு அந்தத் துண்டைச் சண்டை சச்சரவு இல்லாமல் காட்டும். திரும்பத் திரும்பக் காட்டினால் அவை அதை நம்முடையது என்று பழகிக்கொள்ளும். ஸ்டீராய்டு மொத்தக் காவலையும் படுக்க வைக்கிறது. இது பிசகிப்போன ஒன்றை மட்டும் திருத்தப் பார்க்கும். வேலை செய்யும் என்று இப்போதே யாரும் சொல்ல முடியாது. செய்யாமலும் போகலாம். கெடுதலும் வரலாம். அதற்குத்தான் ஆராய்ச்சி.

மாரிக்கனி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்து, மாமியாருக்கு அவளே சொன்னாள். "அத்தே, இம்புட்டுதான் விசயம். உள்ள ஒரு செக்கருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. நல்ல துணியப் பூரா டேமேஜ், டேமேஜ்னு கிழிக்கான். மாத்திரை என்ன செய்யுதுன்னா, கூடத்துல உள்ள அம்புட்டுச் செக்கரையும் தூங்கப் போட்டுருது. இந்த மருந்து அந்த ஒருத்தன் கிட்ட மட்டும் போயி, ஏலே, இது நம்ம துணிடா, நல்லாப் பாருன்னு சொல்லும்."

"கேப்பானா?" என்றாள் கருத்தம்மா.

"நான்னா கேப்பேன். அவன் எப்படியோ."

நிபந்தனைகள் இருந்தன. கடந்த ஆறு மாதத்தில் தொற்று நோய் எதுவும் வந்திருக்கக் கூடாது. கடந்த ஒரு வருஷத்தில் ரிட்டுக்ஸிமாப் என்கிற மருந்து ஏற்றியிருக்கக் கூடாது. இந்த இரண்டாவதுதான் சிக்கல். ஸ்டீராய்டு போதாதவர்களுக்கு வழக்கமாக ஏற்றுவது அதுதான். மாரிக்கனிக்கு அந்த மாதமே ஏற்றுவதாக இருந்தது. ஆராய்ச்சியில் இடம் கிடைக்கிறதா என்று தெரிகிறவரை ஆறு வாரம் தள்ளிப் போடலாம், அதற்கு மேல் முடியாது என்றார் மதுரை டாக்டர். தள்ளிப் போட்டோம்.

கிளம்பும்போது ஜாஸ்மின் என் நோட்டைப் பார்த்தாள். தேதி, மாத்திரை அளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புண்ணின் எண்ணிக்கை எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தேன்.

"ஆன்ட்டி, எங்க ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு ஒழுங்கா எழுதமாட்டாங்க. இதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திடுறேன். அவங்க கேஸுக்கு இது பெரிய பலம்."

பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாள். நான் திருப்பித் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாலு மாதம் எழுதி எழுதி அந்த வார்த்தை என் கண்ணுக்கே கொப்புளம் என்றுதான் தெரிந்தது. அவளும் தேதியையும் அளவையும்தான் பார்த்தாள்.

பத்தொன்பதாம் நாள் போன் வந்தது. தேர்வாகவில்லை. காரணம், சமீபத்தில் சின்னம்மை.

நானும் வேல்பாண்டியும் மறுநாளே மதுரைக்குப் போனோம். ஜாஸ்மின் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். என் கையெழுத்து ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் இங்கிலீஷில் யாரோ மொழிபெயர்த்தது. பக்கத்துக்குப் பக்கம் சின்னம்மை, சின்னம்மை என்று இருந்தது.

"இது யாரு ஆன்ட்டி அம்மைன்னு எழுதினது?"

"நான்தான்."

"ஆன்ட்டி!"

நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எனக்குப் புரியுது. எங்க வீட்டுப் பக்கத்துலயும் எந்தக் கொப்புளம் வந்தாலும் அம்மைன்னுதான் சொல்வாங்க. ஆனா படிச்சது நான் இல்லையே. மொழிபெயர்க்கறவங்க எங்கேயோ இருக்காங்க. முடிவு பண்றவங்க அதுக்கும் அந்தாண்ட."

"ரத்தத்தைப் பாருங்களேன். அம்மை வரலைன்னு தெரிஞ்சிடுமே."

"பார்த்தாச்சு. அம்மை வந்துபோன அடையாளம் இருக்கு."

"அது ஏழு வயசுல வந்தது! புருவத்துக்கு மேல தழும்பு இருக்கு."

"வந்துபோயிருக்குன்னுதான் அந்த டெஸ்ட் சொல்லும் ஆன்ட்டி. எப்போன்னு சொல்லாது. எப்போங்கறதுக்கு உங்க நோட்டுதான் இருக்கு."

வேல்பாண்டி நோட்டை வாங்கிப் பார்த்தார். "இத அடிச்சுட்டு மாத்தி எழுதிக் குடுத்துட்டா?"

"ஒரு தடவை ஏத்தினதை யாராலயும் மாத்த முடியாது அங்கிள். விளக்கம் எழுதிச் சேர்க்கலாம். அவ்வளவுதான்."

அங்கேயே உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். எங்கள் பக்கத்தில் அம்மை என்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம், அதை நான் ஏன் எழுதினேன், எந்தத் தேதியிலிருந்து எழுதினேன் என்று ஒன்றரைப் பக்கம். மதுரை டாக்டர், தோல் சோதனை முடிவை வைத்து, இது சின்னம்மை இல்லை என்று கடிதம் கொடுத்தார். இரண்டையும் ஜாஸ்மின் அன்றைக்கே அனுப்பினாள். அவள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அம்மைக்கு எங்கள் ஊரில் முத்து என்றும் ஒரு பெயர் உண்டு. கருத்தம்மா அதைக் கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேன். முதுகில் ஏழு முத்து என்று படித்திருந்தால் மொழிபெயர்ப்பவர் குழம்பிப்போய் யாரையாவது கேட்டிருப்பார். பஸ்ஸில் திரும்பும்போது இதுதான் என் மனதில் ஓடியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வேல்பாண்டி தன் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் ஒன்னாலதான்! அம்மை, அம்மைன்னு நின்னு சாதிச்சியே, இப்ப அவியளும் அம்மைன்னுட்டாக. திருப்திதான?"

கருத்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரோடு போய் உட்கார்ந்தாள்.

கட்டிலிலிருந்து மாரிக்கனிதான் பேசினாள். வாய்ப்புண்ணோடு பேசுவதால் வார்த்தை வார்த்தையாக வந்தது. "அத்தைய ஏன் ஏசுதீக? அக்கா அப்படி எழுதலேன்னா மாத்திரை பானைக்குள்ளயேதான் கெடந்திருக்கும். அப்ப நோட்டும் கெடையாது, நானும் கெடையாது."

அது உண்மை. அந்த வார்த்தைதான் நாலு மாதம் அவளை உயிரோடு வைத்தது. அதே வார்த்தைதான் அவளைத் தள்ளியும் விட்டது. திரும்ப அந்த நாள் வந்தால் என்ன செய்வேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். பானையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருக்கவா முடியும்?

பதிலுக்குக் காத்திருந்தோம். காத்திருந்த நாட்களில் நோய் காத்திருக்கவில்லை. ஆறின முதுகு மறுபடி திறந்தது. தலையில் வந்தது. அவள் முடியை நான்தான் வெட்டினேன். தண்ணீர் விழுங்கவே அரை மணி நேரம் ஆயிற்று. இலையை ஒரு நாளைக்கு நாலு தடவை மாற்றினோம். வேல்பாண்டி வாழைத் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். வேறு எதுவும் செய்ய அவருக்குத் தெரியவில்லை, தேவைக்கு இரண்டு மடங்கு இலை அறுத்துக்கொண்டு வந்தார். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மாடு தின்றது. பாண்டிச்செல்வம் வீடியோவில் கூப்பிட்டால், மாரிக்கனி புண்ணில்லாத கன்னத்தை மட்டும் காட்டுவாள். "நல்லா இருக்கேம்ல. ஒன் டூட்டியப் பாரு" என்பாள். அவன் என் எண்ணுக்குத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ளதச் சொல்லுங்க" என்பான். நான் உள்ளதைச் சொல்வேன்.

விளக்கம் அனுப்பிய இருபத்துமூன்றாம் நாள் பதில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். நோயாளிக்கு சின்னம்மை வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். ஆனால் பன்னிரண்டு இடமும் நிரம்பிவிட்டது.

நான் அதை அவளிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "பன்னண்டாவது ஆளு எந்த ஊருன்னு கேட்டீகளா?" என்றாள்.

"கேக்கல."

"நல்லா இருக்கட்டும்."

ஆறு வாரமும் தாண்டிவிட்டது. இனி ஒரு நாளும் பொறுக்க முடியாது, ரிட்டுக்ஸிமாப்பை உடனே ஏற்ற வேண்டும் என்றார் மதுரை டாக்டர். ஏற்றினால் ஒரு வருஷத்துக்கு நானோ மருந்தின் பக்கம் போக முடியாது. அடுத்த தொகுதிக்கு ஆள் எடுத்தாலும் கேட்க முடியாது. ஏற்றாவிட்டால் புண்ணில் சீழ் பிடித்து ஒரு மாதம் தாங்குவதே சந்தேகம். நான் இரண்டையும் அப்படியே சொன்னேன். வேல்பாண்டி என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்தார். எனக்கு எந்தப் பக்கமும் இருக்கவில்லை.

"ஏத்தச் சொல்லுங்கக்கா" என்றாள் மாரிக்கனி. "ஒரு வருசம் கழிச்சுப் போகணும்னா ஆளு இருக்கணும்லா."

மாசியில் ஒரு தடவை, பதினைந்து நாள் விட்டு ஒரு தடவை. பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஏற்றினார்கள். நோய் மருந்துக்குக் கேட்டது, ஆனால் பாதிதான் கேட்டது. முதுகின் கீழ்ப்பகுதி ஆறியது. தலை காய்ந்தது. தோளிலும் வாயிலும் விடவில்லை. ஒரு கஞ்சி டம்ளரை முழுதாகக் குடித்த நாளை நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். வைகாசி வரை அப்படி மூன்று நாள்தான்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம், நான் இலை மாற்றிக்கொண்டிருந்தபோது ஜாஸ்மின் போன் செய்தாள். குரலிலேயே அவசரம் தெரிந்தது.

"ஆன்ட்டி, செகண்ட் பேட்ச் வந்திருக்கு. எட்டு பேர். முதல்ல மாரிக்கனி அக்கா பேரைத்தான் வச்சிருக்கேன். அம்மை விஷயம் பூரா கிளியர் ஆயிடுச்சு. ரிட்டுக்ஸிமாப் எதுவும் போடலைதானே?"

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன், கை எண்ணெயாக இருந்ததால். எல்லாரும் கேட்டார்கள். வேல்பாண்டி என் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, "போடலன்னு சொல்லிருங்கக்கா. அது வேற ஆஸ்பத்திரி. அவியளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

தெரியாமல் போகலாம். ஆனால் அந்த மருந்து ஏறிய உடம்பில் காவல் பாதி தூங்குகிறது. அதன் மேல் இன்னொன்றை, இதுவரை யாரும் சேர்த்து ஏற்றிப் பார்க்காததை ஏற்றினால், ஒரு சளிக் காய்ச்சலில் கூட அவள் போய்விடலாம். தவிர, ஒரு தடவை தப்பாக எழுதியதன் பலனை இந்தக் கட்டிலில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"போட்டாச்சு ஜாஸ்மின். மாசியில ரெண்டு தடவை."

"மூணாவது பேட்ச் வந்தா கூப்பிடுறேன் ஆன்ட்டி" என்றாள்.

"வருமா?"

"தெரியல. முதல் பன்னிரண்டு பேருக்கு எப்படி இருக்குன்னு பார்த்துட்டுத்தான் சொல்வாங்க. எப்படி இருக்குன்னு எங்களுக்கே இன்னும் சொல்லல."

வைத்துவிட்டாள். வேல்பாண்டி அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு வேண்டிய இலை ஏற்கெனவே வாளியில் இருந்தது.

மாரிக்கனி தலையைத் திருப்பாமல் கேட்டாள். "இந்தத் தடவ எந்த வார்த்தையிலக்கா போச்சு?"

"இந்தத் தடவை வார்த்தையில போகல. மருந்துல போச்சு."

சிரிக்கப் பார்த்தாள். உதடு பிளந்து ரத்தம் வந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றினேன். "சிரிக்க வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"நீங்க சொல்லுத மாதிரி சொன்னா சிரிப்பு வருதுல்லா."

நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். விளக்கக் கடிதம் எழுதிய நாளிலிருந்து நான் அந்தக் கட்டத்தில் எந்தப் பெயரும் எழுதுவதில்லை. இடமும் எண்ணிக்கையும் மட்டும்தான். கருத்தம்மா மாத்திரையோடு வந்தாள். மணி எட்டு ஆகவில்லை. ராத்திரி மாத்திரைக்கு இன்னும் நேரம் இருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொப்புளம்னே எழுதும்மா" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அம்மா ஒண்ணும் நெனைக்க மாட்டா. எழுது."

எழுதினேன். கொப்புளம், முதுகு மூன்று, இடது தோள் ஐந்து, வாயில் பார்க்க முடியவில்லை. அவள் நோட்டை வாங்கி விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். கொ, ப், பு, ள, ம். பிறகு பழைய பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினாள்.

"இதையெல்லாம் அடிச்சுட்டு மாத்தி எழுதலாமா?"

"முடியாது. எழுதினது எழுதினதுதான்."

தலையை ஆட்டிவிட்டு நோட்டை மூடி வைத்தாள். புது இலையில் எண்ணெய் தடவியாகிவிட்டது. அது காய்வதற்குள் ஆளைப் புரட்ட வேண்டும், வேல்பாண்டியும் இல்லை.

"அந்த நுனியைப் பிடிங்க" என்றேன். பிடித்தாள்.